துண்டுக்கு அடியில் மூன்று விரல்

ஆவணி 5, செவ்வாய்

தக்காளி கிலோ நூற்றைம்பதுக்குப் போய், ரசம் வைக்கிற வீட்டை ஊரே திரும்பிப் பார்த்த வருஷம் இது. ரோஸ் கலர் இரண்டாயிரம் நோட்டை ஜனங்கள் பாங்கியில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிற வருஷம். சந்திரனுக்கு அனுப்பின ராக்கெட் நாளைச் சாயங்காலம் இறங்குகிறதாம். முதியோர் பணத்தை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறாக ஏற்றினதும் இந்த வருஷம்தான். ஏற்றின பணத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. பாங்கி பார்த்துக்கொண்டது.

அதனால்தான் இந்த நோட்டு. இன்றைக்குப் பாங்கியில் நான் எதைச் சொன்னாலும் எழுத்தில் இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா என்றே கேட்டார்கள். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. மாட்டுத் தரகன் நாச்சிமுத்து என்றால் சந்தையில் கேளுங்கள், சொல்வார்கள். என் துண்டுக்கடியில் கைமாறின மாடு ஒவ்வொன்றையும் சுழியோடு, கொம்போடு, விற்றவன் அன்று கட்டியிருந்த வேட்டியோடு என்னால் சொல்ல முடியும். ஆனால் எழுத்தில் இல்லை. ஆகவே இனி நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி பாவாயி எழுதுவது என்று முடிவாயிற்று. அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நோட்டும் அங்கிருந்து வந்ததுதான். முன்பக்கம் எல்லாம் முட்டைக் கணக்கு.

நான் பேசுகிறபடியே எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான், புத்தகத்தில் இருக்கிறபடிதான் எழுதுவேன் என்கிறாள். எழுதட்டும். கை அவளுடையது.

நடந்தது இதுதான். கேஷியர் அம்மணியிடம் முதியோர் பணம் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்தது, போய்விட்டது என்றாள். இப்போது கணக்கில் என்ன இருக்கிறது என்றேன்.

“மைனஸ் ஆயிரத்து நானூத்து அறுபது இருக்குங்கய்யா.”

“இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“இருக்கு. மைனஸ்ல இருக்கு.”

கொரோனா காலத்தில் அப்போதிருந்த மேனேஜர் என் கட்டைவிரலை ஒரு தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. கத்திரிப்பூக் கலர் சட்டை, இடது காதில் மறு. அது ஓ.டி. கணக்காம். பணம் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாமாம். நான் எடுக்கவில்லை. ஏதோ இன்சூரன்ஸ் வந்து அதுவாகவே எடுத்துக்கொண்டது. எடுத்ததற்கு வட்டி, வட்டி கட்டாததற்குக் கட்டணம், கட்டணத்துக்கு வரி, இத்தனையையும் எனக்குச் செல்போனில் செய்தியாகத் தெரிவித்ததற்கு ஒரு கட்டணம். படிக்கத் தெரியாதவனுக்குக் கடிதம் போட்டுவிட்டு அவனிடமே தபால்காசு கேட்கிற மாதிரி. போனில் கிண் என்று சத்தம் வரும்போதெல்லாம் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணி 6, புதன்

இறங்கிவிட்டது. இறங்கினதா விழுந்ததா என்று கேட்டேன். இறங்கினதுதான் என்றாள் பாவாயி. தெருவில் வெடி போட்டார்கள். கன்றுக்குட்டி மிரண்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

ஆவணி 8, வெள்ளி

மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜெயசிங் என்று பெயர். மார்த்தாண்டம் பக்கத்து ஆள், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நல்ல மரியாதை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பணத்தைப் பிடிக்கிறது நான் இல்லை, சிஸ்டம் என்றார். சிஸ்டத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். அது பம்பாயில் இருக்கிறதாம்.

பேச்சு வளர்த்து லாபமில்லை என்று தெரிந்தது. சந்தையில் பேச்சு முட்டிக்கொண்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் வலது கைமேல் போட்டு, என் கையை அடியில் விட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்லுவதில்லை. சுற்றி நிற்கிற நூறு பேருக்குக் கேட்டுவிடும். துண்டுக்கடியில் விரலைப் பிடிப்போம். ஒரு விரல் என்றால் ஒன்று, மூன்று என்றால் மூன்று. நூறா ஆயிரமா என்பது பொருளைப் பார்த்தாலே தெரியும். விலை பிடிக்காதவன் கையை உருவிக்கொள்வான். உருவாமல் வைத்திருந்தால் யோசிக்கிறான் என்று அர்த்தம். இன்னொரு கையையும் கொண்டுவந்து துண்டின்மேல் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் ஆகாயமே இடிந்து விழுந்தாலும் அந்த விலைதான்.

மூன்று விரலைப் பிடித்தேன். முந்நூறு. முந்நூறு கட்டுகிறேன், கணக்கைச் சுத்தமாக்கு என்று.

அவர் கையை உருவவில்லை. என் முகத்தையே பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இடது கையைக் கொண்டுவந்து துண்டின்மேல் வைத்து அழுத்தினார். “கவலப்படாதீங்க ஐயா, பாத்துக்கலாம்” என்றார்.

அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. மேசைமேல் அச்சாரமாகப் பதினோரு ரூபாய் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். அச்சாரத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன். படித்த ஆள், அதுவும் வெளியூர் ஆள், நம் வழக்கத்தை இப்படித் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று பாவாயியிடம் சொன்னேன். அவள் முறத்தின்மேல் குனிந்துகொண்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசியில் இப்போது கல்லே வருவதில்லை.

ஆவணி 11, திங்கள்

முந்நூறு கட்டினேன். சீட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் பாவாயி படித்தாள். மைனஸ் ஆயிரத்து நூற்று எழுபது.

இரண்டாம் தரம் படிக்கச் சொன்னேன். அதேதான். அச்சாரப் பதினோரு ரூபாயையும் கணக்கில் வரவு வைத்து, வரவு வைத்த விஷயத்தை எனக்குச் செய்தியாக அனுப்பி, அனுப்பினதற்கு இருபத்தொன்று பிடித்திருக்கிறார்கள்.

கை முறிந்துவிட்டது.

பாவாயி இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, யார் கை என்று கேட்டாள். சத்துணவுக்காரிக்குச் சந்தை வழக்கம் தெரியாது. துண்டுக்கடியில் ஒத்துக்கொண்டதை ஒருவன் மீறினால் அதற்குக் கை முறிந்தது என்று பெயர். முறித்தவனுக்குச் சந்தையில் ஒருத்தரும் கை கொடுக்க மாட்டார்கள். அது அவன் பாடு. ஆனால் துண்டு யாருடையதோ அவனுக்கும் தண்டனை உண்டு. முறிந்த கையைச் சேர்த்துவைக்கிற வரைக்கும் அவன் துண்டு விரிக்கக் கூடாது. ஆளைப் பார்த்துத் துண்டு போடத் தெரியாதவன் என்று அர்த்தம்.

என் துண்டுக்கடியில் இதுவரை ஒரு கை முறிந்ததில்லை. பத்தொன்பது வயதில் தோளில் போட்டது. வாங்கினவன் பணம் தராமல் ஓடிப்போன இடத்தில்கூட என் கையிலிருந்து போட்டுக் கட்டியிருக்கிறேன்.

எப்போது என்று கேட்கிறாள். எழுதுகிறவள் கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்னேன்.

ஆவணி 14, வியாழன். சந்தை

போனேன். துண்டு விரிக்கவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

காங்கேயம் காளை ஒரு ஜோடி வந்திருந்தது. வலத்து மாட்டுக்கு முதுகுச் சுழி சரியில்லை. அதைக் கவனிக்காமல் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். உடம்பெல்லாம் அரித்தது.

குப்பண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைவிட ஐந்து வயது இளையவன், முப்பது வருஷமாக எனக்கு எதிர்த்தாற்போலத் துண்டு விரிக்கிறவன். என்னைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“ஏனுங் மாமா, தோள்ல துண்டைக் காணம்? அத்தை கோமணத்துக்குக் கிழிச்சுட்டாங்களா?”

அவனிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போனான். மத்தியானத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிட்டது. பாங்கி மேனேஜர் கை முறித்துவிட்டார்.

ஆவணி 16, சனி

விசேஷம் இல்லை. கன்றுக்குக் கழிச்சல். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். போன் கிண் என்றது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தாலும் பணம், பார்க்காவிட்டாலும் பணம்.

ஆவணி 19, செவ்வாய்

இன்றைக்கு ஊரே பாங்கி வாசலில் நின்றது.

மேட்டுக்காட்டுத் தெய்வாத்தாள் பாங்கியில் கடன் வாங்கி ஒரு முர்ரா எருமை பிடித்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் நான் பேசி முடித்ததுதான். அரைவட்டக் கொம்பு, வாலில் வெள்ளை முடி, விற்றவன் வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டே அழுதான். மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டு வந்தவள், நடுவில் இரண்டு மாதம் தவறிவிட்டாள். அதற்குமேல் அவள் கட்டினதெல்லாம் கட்டணத்துக்கே போயிற்றாம். கடன் நின்ற இடத்திலேயே நிற்கிறதாம். காலையில் பத்து மணிக்கு எருமையை ஓட்டிவந்து பாங்கி இரும்புக் கேட்டில் கட்டினாள். உள்ளே போய், எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்.

“வட்டி கட்டீட்டனுங்க. வட்டிக்கு வட்டி கட்டீட்டனுங்க. லேட்டாக் கட்டுனதுக்கும் கட்டீட்டனுங்க. இன்னைக்கு எருமையையும் கட்டீட்டனுங்க. உங்களுது, நீங்களே வெச்சுக்கங்க.”

போய்விட்டாள். மேனேஜர் பின்னாலேயே ஓடினார். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

எருமையை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டதற்கு மேலிடத்தில் கூடாது என்றார்களாம். அது பாங்கிக்கு ஈடாக எழுதிக்கொடுத்த சொத்து, காணாமல் போனால் மேனேஜர்தான் பொறுப்பு. சரி, ஏற்றுக்கொள்ளலாமா என்றதற்கு அதுவும் கூடாது, எருமையை வரவு வைக்க விதி இல்லை. வெயில் ஏறியது. ஏ.டி.எம். அறையின் கதவு இடுக்கில் குளிர்காற்று வருவதை எருமை கண்டுபிடித்து அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. பணம் எடுக்க வந்தவர்கள் அதைத் தாண்டி உள்ளே போய், தாண்டி வெளியே வந்தார்கள்.

சாயங்காலம் தெய்வாத்தாள் தூக்குப் போசியோடு திரும்பி வந்தாள். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டதாம். அவள் உட்கார்ந்து பால் கறந்துகொண்டு கிளம்பினாள். அம்மா, எருமை என்றார் மேனேஜர். பால் உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் காட்டுங்கள் என்று கேட்டாளாம்.

எழுதவில்லை.

ஆவணி 20, புதன்

பால் அவளுக்கு, தீனி பாங்கிக்கு என்று ஆகிவிட்டது. மேனேஜர் ஒரு மூட்டைப் பருத்திப் புண்ணாக்கு வாங்கியிருக்கிறார். புண்ணாக்கு வாங்க அவர்கள் கணக்கில் இடம் இல்லையாம். எழுதுபொருள் செலவு என்று எழுதினாராம். கேஷியர் அம்மணி பாவாயியிடம் சொன்னது.

ஆவணி 21, வியாழன். சந்தை

மேனேஜர் எருமையைச் சந்தைக்கு ஓட்டிவந்தார். விற்றுக் கடனில் கழித்துக்கொள் என்று தெய்வாத்தாளிடம் கைநாட்டு வாங்கிவிட்டாராம். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். கயிற்றை அவர் பிடித்திருந்தாரா, எருமை அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

நல்ல எருமை. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் பத்து மணிக்குள் போயிருக்கும். இவர் பக்கத்தில் ஒரு தரகனும் போகவில்லை. அவரே ஒவ்வொருவராகத் தேடிப் போய் வலது கையை நீட்டினார். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். குப்பண்ணன் மரியாதையாகக் கும்பிட்டான். கும்பிட்டால் கை கொடுக்க வேண்டாம் பாருங்கள். வாங்க வந்த பால்காரர்கள் தூர நின்று எருமையின் மடியைப் பார்த்தார்கள், மேனேஜரைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். சுங்கம் வசூலிக்கிறவன் மட்டும் வந்து எருமைக்கு ஐம்பது ரூபாய் ரசீது கொடுத்தான். விற்கவில்லையே, எதற்கு என்று மேனேஜர் கேட்டார்.

“நின்னதுக்குங்க” என்றான்.

நான் புளியமரத்தடியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதச் சொன்னேன். பொய் எழுதமாட்டேன் என்கிறாள்.

ஆவணி 24, ஞாயிறு

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பாவாயி காப்பி கொடுத்தாள். சட்டையில் எருமை வாசம். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். எடுத்த எடுப்பில், என்ன தப்பு செய்தேன், ஊரில் ஒருத்தரும் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், டீக்கடையில் தனக்கு மட்டும் கிளாசைக் கையில் தராமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றார்.

கை முறித்ததைச் சொன்னேன். முழித்தார். துண்டு, விரல், மேலே வைத்த கை எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

“ஐயா, எங்க ஊர்ல துஷ்டி வீட்டுல, சாவு விழுந்த வீட்டுலதான் அப்படிக் கைய பிடிப்போம். நீங்க துண்டப் போட்டு எனக்க கையப் பிடிச்சதும், பெரியவரு மனசு உடைஞ்சு போனாரு, அழுததை யாரும் பாத்திரக் கூடாதுன்னு துண்டு போடுதாருன்னு நினைச்சேன். ஆறுதலுக்குத்தான் மத்த கையையும் வச்சேன்.”

பாவாயி சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இப்போது இதை எழுதும்போதும் தோள் குலுங்குகிறது.

நினைத்தது எதுவாக இருந்தாலும் வைத்தது வைத்ததுதான் என்றேன். காளையை எருது என்று நினைத்து வாங்கினவனும் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அவர், தள்ளுபடி செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை, எல்லாம் பம்பாயில் என்று பழையபடி ஆரம்பித்தார். எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் கோபம் வந்தது.

“சார், துண்டுக்கடியில நான் புடிச்சது உங்க கைங்களா, பம்பாய்க் கைங்களா?”

அவர் தன் வலது கையை எடுத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். காப்பி ஆறிப்போயிற்று.

“எனக்க கைதான்” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. கிளம்பும்போது, உங்களை நம்பினதுல எனக்கும் துண்டு போச்சுங்க சார், இந்த வயசுல வேற என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஆவணி 26, செவ்வாய்

பாவாயி தபால் ஆபீஸுக்குப் போய்வருகிறேன் என்று காய்கறிப் பையோடு போனாள். அவளுடைய ஓய்வூதியம் தபால் ஆபீஸில்தான் வருகிறது. கிரைண்டர் மோட்டாரை மாற்ற என்று அதில் சேர்த்துவைத்திருக்கிறாள். மத்தியானம் திரும்பினாள். பையில் காய்கறி இல்லை. எல்லாம் விலை என்றாள். தக்காளி முப்பதுக்கு இறங்கிவிட்டது என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறான்.

ஆவணி 27, புதன்

மேனேஜர் ஆள் அனுப்பினார். போனேன். பாவாயியும் கூட வந்தாள். மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கென்ன தெரியும், வட்டமாக ஒன்று தெரிந்தது. பூஜ்யம். முந்நூறுக்குப் பேசினது முந்நூறுக்கே முடிந்தது ஐயா என்றார். அந்த ஓ.டி.யையும் எடுத்துவிட்டாராம், செய்தி அனுப்புகிறதையும் நிறுத்திவிட்டாராம்.

தன் சட்டைப்பையிலிருந்து கட்டினார் என்று தெரிந்துபோயிற்று. அது சரி, கை அவருடையது. ஆனால் இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பாவாயியைப் பார்த்துச் சொன்னார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் பணம் அவனுடையதா மச்சானுடையதா என்று அவன் நிற்கிற தோரணையிலேயே சொல்கிறவன் நான். போதாததற்கு, நேற்றுப் பாவாயியும் மேனேஜரும் எருமை பக்கத்தில் நின்று, நீங்க பாதி நான் பாதி, புண்ணாக்கே உங்களுக்கு ஏகப்பட்டது ஆயிருக்கும் என்று ஏதோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று குப்பண்ணன் வழியில் சொன்னான்.

தோண்டுவது என் வேலையல்ல. முறித்தவர் வாயால் முடிந்தது என்று சொல்லிவிட்டார், முடிந்தது.

இந்தப் பத்தியை எழுத வேண்டாம் என்றாள். சரி, எழுதாதே என்றேன். எழுதியிருக்கிறாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆவணி 28, வியாழன். சந்தை

துண்டு விரித்தேன்.

முதல் வியாபாரம் எருமை. மேனேஜர் கையை என் துண்டுக்கடியில் வாங்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். குப்பண்ணன் மட்டும் தன் ஆளை விட்டுவிட்டு வந்து கிட்டத்தில் நின்றான்.

பிடிக்கவில்லை என்றால் உருவுங்கள் என்று சொல்லியிருந்தேன். மனிதர் விரலைத் தொட்டதுமே சூடு பட்ட மாதிரி உருவினார். நான் இன்னும் விலையே சொல்லவில்லை என்றேன். மறுபடி நீட்டினார். மறுபடி உருவினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டார், தெரியாமல் மேலே வந்து விழுந்துவிடக் கூடாதென்று. வாங்க வந்த பால்காரர், இந்த ஆள் பயங்கர வியாபாரி போலிருக்கிறதே, இறங்கவே மாட்டேன் என்கிறாரே என்று தானாகவே இரண்டாயிரம் ஏறினார். நான் நினைத்ததைவிட நல்ல விலை. கண்ணைக் காட்டினேன். அப்புறம்தான் இடது கையை விடுவித்து, மெதுவாக, முட்டைமேல் வைக்கிற மாதிரி துண்டின்மேல் வைத்தார்.

தெய்வாத்தாள் கடன் போக மிச்சத்தை வாங்கி மூன்று தரம் எண்ணினாள். எருமையைப் பால்காரர் ஓட்டிக்கொண்டு போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மேனேஜரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது நாள் தீனி போட்டவர்.

தரகுப் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். எழுதுபொருள்தான் ஐயா என்றார்.

ஆவணி 29, வெள்ளி

கணக்கை மூடிவிடலாம் என்று பாவாயியோடு போனேன். பூஜ்யத்தில் இருக்கும்போதே தப்பித்துவிட வேண்டும் என்று எண்ணம். மூடினால் முதியோர் பணம் வர வழியில்லை, இருக்கட்டும் என்றார் மேனேஜர். ஆனால் நாமினி பெயரை மாற்ற வேண்டுமாம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கணக்கு யாருக்குப் போகவேண்டும் என்று ஒரு பெயர். பழைய தாளில் ரங்கப்பன் என்று இருந்தது. என் அண்ணன். கடல் பொங்கி ஜனங்களை அள்ளிக்கொண்டு போன வருஷம், இங்கே கடலே இல்லாத ஊரில் நெஞ்சுவலி வந்து செத்தான்.

படிவத்தைப் பாவாயியிடம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“சென்னிமலை” என்றேன்.

“அவரு போயிட்டாருங்களே” என்றாள் பாவாயி. போய்விட்டார் என்று எனக்கும் தெரியும். ஐந்நூறு ரூபாய் நோட்டுச் செல்லாமல் போன வருஷம், தை மாதம், ஒரு செவலைக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில். கிடாரி மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பச்சியப்பன் என்றேன். கொரோனாவில் போனவர் என்றாள். அவர் தம்பி பொங்கியண்ணன் என்றேன். அதற்கு முன்னமே என்றாள். மாரக்காள் மகன் தொட்டியன் என்றேன். அவளுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்தவன்.

“ஐயா, உயிரோட இருக்கவங்க பேரா சொல்லணும்” என்றார் மேனேஜர்.

தெரியாமல் சொல்லவில்லை. சந்தையில் ஒரு தரகன் பேச்சு நடுவில் செத்துப்போனால், அவன் முடிக்காமல் விட்டதெல்லாம் அவன் பெயர் சொல்லிவிட்டுப் போன ஆள் தலையில் விழும். கொடுக்கவேண்டியது, வாங்கவேண்டியது, திட்டு, எல்லாம். அதனால் பெயர் சொல்லும்போது யோசித்துச் சொல்ல வேண்டும். செத்தவர்கள் என்றால் அவர்களுக்கு ஒன்றும் வராது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னுடைய மைனஸை எடுத்துக்கொண்டு போய் ஒரு உயிருள்ள தலையில் எப்படி வைப்பது?

கணக்கில் இப்போது என்ன இருக்கிறது என்று இன்னொரு தரம் கேட்டேன். பூஜ்யம் என்றார். முன்னால் கோடு கீடு போட்டிருக்கிறதா என்றேன். இல்லை. நாளைக்குப் போட்டுவிடுமா என்றேன். இனி இல்லாத பணத்தை யாராலும் எடுக்க முடியாது ஐயா, இருக்கிறது மட்டும்தான், என்றார்.

பாவாயி பேனாவைப் படிவத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“பாவாயி” என்றேன்.

“சொல்லுங்க” என்றாள்.

“கூப்புடலை. எழுது. பாவாயி.”